கடைசியில் எழுதிய திருத்தங்கள்

சென்ற மாதம் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அலுவலகத்தில் என் கடைசி வாரத்தில், குழுவில் இருந்த இளைஞர்கள் இருவர் ஒரு பெரிய எக்ஸ்எம்எல் கோப்பை எப்படி வாசிப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு வாசிப்பதா, அல்லது ஓடவிட்டு, கடந்துபோகும்போதே வேண்டியதை எடுத்துக்கொள்வதா என்பது கேள்வி. "சேச்சி, இப்போ மெமரிக்கு என்ன பஞ்சம்? இதுக்கெல்லாம் யோசிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான், அவர்களுக்குப் பயன்படும் பாடம் எதுவும் இதில் இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன்.

நான் நெய்யாற்றின்கரையில் கணினி டிப்ளமா படித்தேன். அதன்பின் ஒரு பயிற்சி நிலையத்தில் கொஞ்ச காலம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலைக்குப் பக்கத்தில் தொடங்கியிருந்த ஒரு தகவல் பதிவு யூனிட்டில் புரோகிராமராகச் சேர்ந்தேன். அங்கே இருந்த ஒரே புரோகிராமர் நான்தான்.

பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்த மாடிக் கட்டடம் அது. கீழே உர டிப்போ, மேலே நாங்கள். மழை பெய்தால் உரச்சாக்கின் நெடி படியேறி வரும். ஒரு நீண்ட கூடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றின் முன்னால் பெண்கள். பெருங்கடவிளையிலிருந்து சிலர் வந்தார்கள், அம்பூரி மலையிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சிலர் வந்தார்கள், தமிழ்நாட்டு எல்லைக்குள்ளிருந்து களியக்காவிளை வழியாகச் சிலர் வந்தார்கள். அந்தப் பக்கம் விடுமுறை என்றால் இந்தப் பக்கம் வேலைநாளாக இருக்கும். அதைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்வார்கள்.

வேலை இதுதான். வெளிநாட்டில் பல ஆஸ்பத்திரிகளை நடத்தும் ஒரு குழுமம், தன் பழைய நோயாளி அட்டைகளைப் படம்பிடித்துக் குறுந்தட்டுகளில் அனுப்பும். அட்டைகள் கையெழுத்தில் இருக்கும். திரையின் ஒரு பாதியில் அட்டையின் படம் வரும், மறுபாதியில் கட்டங்கள் வரும். எண், பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து, ஒவ்வாமை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் வந்தது சோதனை ஆர்டர். அந்தக் கோப்புகளை அவர்கள் ஏற்றுக்கொண்டால் பல வருடங்களுக்கான ஆர்டர் வரும், கூடத்தில் இருக்கும் எல்லாருடைய வேலையும் நிரந்தரமாகும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் யூனிட்டை நடத்த வேறு வழியில்லை. எங்கள் மேலாளர் கிறிஸ்துதாஸ் சார் இதை முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகும் எல்லாரும் வந்தார்கள். பலரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி சரோஜம் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நெய்யாற்றின்கரையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஓர் ஆதாரம் எழுத்துக்காரரிடம் நகலெழுதிக்கொண்டிருந்தவள். நிலப்பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்றுதான் சொல்வோம். சரோஜம் அக்கா வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவள் அவள் மட்டும்தான். இங்கே வேலை நிரந்தரமாகும் என்ற ஒரே நம்பிக்கையில் அந்தக் கடை நாற்காலியை விட்டிருந்தாள். அவளைப் பார்த்து, அதே அலுவலக வாசலில் நகலெழுதிக்கொண்டிருந்த இன்னும் சிலரும் வந்தார்கள். நல்ல கையெழுத்தும் பொறுமையும் உள்ளவர்கள் என்று சார் அவர்களை விரும்பி எடுத்தார்.

கிறிஸ்துதாஸ் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு ஆய்வு நிலையத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது பேசத் தொடங்கினால் கையிலுள்ள பேனாவை மூடி மேஜையில் வைப்பார். பேசுபவர் முடிக்கும்வரை அதைத் தொடமாட்டார். எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டு, "இதில என்ன கோளாறு வரும்? சொல்லுங்க" என்பார். வயதில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. தட்டச்சு செய்பவர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார். அதுவரை எந்த இடத்திலும் அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

இனி கோப்பைப் பற்றி. எக்ஸ்எம்எல் அப்போது புதிது. ஒவ்வொரு தகவலையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியைத் திறக்கும் இடத்தில் ஒரு பெயர்ச்சீட்டும், அடைக்கும் இடத்தில் அதே பெயர்ச்சீட்டும் ஒட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் பெட்டி இருக்கலாம். ஒரு பெட்டியை அடைக்கும் சீட்டு விட்டுப்போனால் கோப்பு முழுவதும் செல்லாது. தட்டச்சு செய்து அடைத்த ஒவ்வொரு அட்டையும் ஒரு பெட்டி; ஒரு குறுந்தட்டிலுள்ள அட்டைகளெல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. அந்தக் கோப்பை வாசித்து, வாடிக்கையாளர் கேட்ட அட்டவணை வடிவில் மாற்றித் தரும் புரோகிராம் எழுதுவது என் வேலை.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, சாதாரண எழுத்துக் கோப்பைப்போல, வேண்டிய சீட்டைத் தேடி, அதற்கு அடுத்துள்ளதை வெட்டி எடுப்பது. முதல் வாரத்தில் நான் அதைத்தான் செய்து காட்டினேன். சார் என் கோப்பில் ஓர் இடத்தில் ஒரு வரியை இரண்டாக உடைத்துப்போட்டு, மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பாதி நோயாளிகளைக் காணவில்லை. "இது வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது, டாம் என்று அழைக்கப்பட்ட வழி. கோப்பு முழுவதையும் வாசித்து, ஒரு மரம்போல நினைவகத்தில் நிறுத்திவைப்பது. எந்தக் கிளைக்கும் எப்போதும் போகலாம், முன்னும் பின்னும் பார்க்கலாம், மாற்றலாம். மூன்றாவது சாக்ஸ். கோப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இதோ ஒரு பெட்டி திறந்தது, இதோ உள்ளே இருப்பது, இதோ அடைந்தது என்று வாசிக்கும் மென்பொருள் சொல்லிக்கொண்டே போகும். கேட்கிற நேரத்தில் நாம் எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் போனது போனதுதான்.

நான் இரண்டையும் விளக்கித் தாளில் எழுதிக் கொடுத்தேன். சார் அதை வாசித்துவிட்டு, "இதை நடத்திப் பாப்போம்" என்றார். கம்ப்யூட்டரில் அல்ல, ஆட்களை வைத்து. அது அவர் வழக்கம்.

மறுநாள் உணவு இடைவேளைக்குப் பிறகு, ஒரு குறுந்தட்டின் அட்டைகளை அச்செடுத்த தாள்களைக் கட்டாக றோஸ்லெட்டிடம் கொடுத்தார். றோஸ்லெட் எங்கள் கூடத்திலேயே வாய்த்துடுக்கு அதிகமுள்ளவள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் ஒவ்வொரு தாளாகச் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசித்த தாளைப் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். சரோஜம் அக்கா பலகையில் வேண்டியதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

"சாறே, பெட்டியில போட்ட பேப்பரைப் பெறவு எடுக்கப் பிடாதா?" என்று கேட்டாள் றோஸ்லெட்.

"பிடாது. போனது போனதாக்கும்."

"அப்ப எனக்க மாப்பிளைக்க கையில குடுத்த சம்பளம் மாதிரி."

கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. சாரும் சிரித்தார். பிறகு வாசிப்பு தொடங்கியது. தாள்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விழுந்தன. பலகையில் எழுத்துகள் கீழிறங்கி வந்தன. சத்தமோ சிரமமோ இல்லாமல் முடிந்தது.

அடுத்து மரம். எல்லாத் தாள்களையும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி பரப்ப வேண்டும் என்றார் சார். மேஜைகள் நிறைந்தன, தரை நிறைந்தது, வராந்தாவுக்குப் போயிற்று, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கியது. மழைக்காற்று அடித்தபோது படியில் இருந்த நோயாளிகள் பறந்து உர டிப்போவுக்குள் போனார்கள். கீழே சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், "எலே, மேல என்ன, எலக்சனா?" என்று கத்தினார்.

எங்கள் கம்ப்யூட்டர்களிலும் இதுவேதான் நடந்தது. மரமாக ஏற்றும்போது கோப்பு தன் அளவைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். இருப்பதிலேயே நல்ல கம்ப்யூட்டரில் நான் ஏற்றிப் பார்த்தபோது, வன்தட்டு கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்து கடைசியில் நின்றுபோயிற்று. கோப்பைத் துண்டுகளாக உடைத்து ஏற்றலாம், அல்லது புதிய கம்ப்யூட்டர் வாங்கலாம். முதலாவதை, ஒரு குறுந்தட்டுக்கு ஒரே கோப்பு என்ற வாடிக்கையாளரின் நிபந்தனை தடுத்தது. இரண்டாவது எங்கள் கைக்கு எட்டாதது.

"மரம் நல்லதுதான். நட இடமில்ல" என்றார் சார். பிறகு வழக்கம்போல, "ஓடவிட்டு வாசிச்சா என்ன கோளாறு வரும்? இளையவங்க முதல்ல" என்றார்.

றோஸ்லெட் ஒன்றுமில்லை என்றாள். நான், ஒரே அட்டை இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அனுப்பிய படங்களிலேயே சில அட்டைகள் தவறுதலாக இரண்டு முறை படம்பிடிக்கப்பட்டிருந்தன. அதற்குச் சார், கடந்துபோன அட்டைகளின் எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை வருவதை விட்டுவிடலாம் என்றார். எண்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சிறிய இடம் போதும். சரியான பதில். இன்றைக்கும் அந்த நிலையில் வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகச் சரோஜம் அக்கா பேசினாள். "இதாக்கும் நல்லது, சாறே. எழுதினத எழுதினபடி விட்டிட்டு முன்னால போவணும். ஆதாரத்திலயும் அப்பிடித்தான்."

கூடத்தில் பலர் தலையாட்டினார்கள். அப்படித்தான் முடிவாயிற்று.

அந்த முடிவோடு சேர்த்து ஒரு விதியும் சொல்லப்பட்டது. முதல் வாரங்களில் சிலர் ஏற்கனவே முடித்த அட்டைக்குத் திரும்பிப் போய் எதையோ மாற்றும்போது, அடைக்கும் சீட்டு அழிந்துபோய், கோப்பு முழுவதும் கெட்டது. அதனால் சார், "அடச்ச அட்டையைத் திறக்கப் பிடாது" என்றார். இன்னொரு விதி முன்பே இருந்தது. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும், பிழை கண்டால் திருத்த வேண்டும். ஒத்துப்பார்ப்பவர்களுக்குச் சரோஜம் அக்காதான் தலைவி.

இரண்டு விதிகளும் நல்லவை. ஒத்துப்பார்ப்பது அட்டையை அடைப்பதற்கு முன்னால் நடக்கும் என்று சார் நினைத்திருந்தார். ஆனால் அட்டையை அடைத்தால்தான் அடுத்த படம் திரையில் வரும். தட்டச்சு செய்பவர் நிற்காமல் போக வேண்டுமென்றால் அடைத்துக்கொண்டே போக வேண்டும். ஆகவே ஒத்துப்பார்ப்பது எப்போதும் அடைத்த பிறகுதான் நடந்தது. இது சாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூடத்தில் இருந்தவர்களுக்கு இதில் சொல்லவேண்டியது ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

சோதனைக் கோப்புகள் முடிந்தன. என் புரோகிராம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் எத்தனை அட்டைகள் இரண்டாம் முறை வந்தன, விடப்பட்டன என்று ஓர் எண்ணிக்கை திரையில் வரும். சார் அதைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு டபிள் எடுத்திருக்காங்களா அங்க?" என்று கேட்டார். படம் எடுத்தவர்களின் கவனக்குறைவுக்கு அது பெரிய எண்ணிக்கையாக எங்களுக்குத் தோன்றவில்லை. அனுப்பினோம். அன்று சார் எல்லாருக்கும் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தார்.

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. அவர்கள் எங்கள் அட்டவணையிலிருந்து சில அட்டைகளை எடுத்துப் படத்தோடு சரிபார்த்திருந்தார்கள். பிழையானவற்றின் எண்கள் கீழே இருந்தன. அவற்றில் ஒன்றில், ஒரு நோயாளிக்கு ஓர் ஊசிமருந்து ஒத்துக்கொள்ளாது என்று அட்டையில் எழுதியிருந்தது. எங்கள் அட்டவணையில் ஒவ்வாமை 'இல்லை' என்று இருந்தது. இதை நம்பி ஒரு டாக்டர் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதை வாசிப்பது அதனாலேயே கஷ்டமாக இருந்தது.

சார் மூலக் கோப்பைத் திறக்கச் சொன்னார். அந்த எண்ணில் 'இல்லை' என்றுதான் தட்டச்சாகியிருந்தது. அவர் எழுந்து போய், ஒரு நாற்காலியை இழுத்துச் சரோஜம் அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

"சரோஜம், இந்த அட்டையை ஒத்துப்பாத்தது யாரு?"

அவள் படத்தைப் பார்த்தாள். "நானாக்கும், சாறே."

"படத்தில உண்டுன்னு இருக்கு. இதில இல்லன்னு கெடக்கு. நீ பாக்கல்லியா?"

"பாத்தேனே. திருத்திப் போட்டிருக்கேனே."

"எங்க?"

"கடைசியில."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோப்பின் அடிக்குப் போனேன். கடைசி அட்டைக்கும் பிறகு, வரிசையாகச் சில அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் மேலே முன்பே வந்த எண். ஒவ்வொன்றிலும் எல்லாக் கட்டங்களும் சரியாக நிரப்பப்பட்டு, ஒவ்வொரு பெட்டியும் ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தது. அந்த நோயாளியின் அட்டையும் அங்கே இருந்தது. ஒவ்வாமை, உண்டு.

"திருத்தம் எல்லாம் கடைசியிலதானே போடுவாவ" என்றாள் அவள். எங்களுக்கு எதற்கு இந்தச் சந்தேகம் என்பதுபோல இருந்தது அவள் குரல்.

ஆதாரம் எழுதுகிற இடத்தில் அதுதான் முறை. எழுதியதன்மேல் கைவைக்கக் கூடாது. வெட்டவோ சுரண்டவோ செய்தால் யாரோ பின்னால் மாற்றியதாக வழக்கு வரும். அதனால் எழுதி முடித்து ஒத்துப்பார்த்த பிறகு, இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ளது இப்படித் திருத்தப்பட்டது என்று பத்திரத்தின் கடைசியில் எழுதி, அதற்குக் கீழேதான் கையொப்பம் வாங்குவார்கள். மேலே இருப்பதும் அப்படியே இருக்கும், கீழே இருப்பது செல்லும். சொத்து வாங்குகிற எவரும் ஆதாரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார்கள். பல வருடங்களாக அப்படி எழுதிய கைகள் அவை. அடைத்த அட்டையைத் திறக்காதே, பிழையைத் திருத்து என்று இரண்டு உத்தரவுகள் வந்தபோது, இரண்டையும் மீறாமல் செய்யக்கூடிய ஒரே காரியத்தை அவர்கள் செய்திருந்தார்கள்.

"வேற யாரு இப்பிடிச் செய்தது?" என்று சார் கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நாங்க எல்லாரும்தான், சாறே" என்றாள் றோஸ்லெட். "சரோஜம் அக்கா சொல்லித் தந்தது. நல்ல ஏற்பாடு இல்லியா?"

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "நல்ல ஏற்பாடுதான்" என்றார்.

என் புரோகிராம் மேலிருந்து கீழே ஓடுகிறது. பிழையான அட்டை முதலில் வரும். அதை எடுத்து அட்டவணையில் எழுதிவிடும். கடைசியில் சரியான அட்டை வரும்போது, இந்த எண் முன்பே வந்தது என்று விட்டுவிடும். ஒத்துப்பார்த்தவர்கள் கண்டுபிடித்த பிழைகள் ஒன்றுவிடாமல் அட்டவணைக்குள் போயிருந்தன. அவர்கள் திருத்தியவை ஒன்றுவிடாமல் வெளியே விழுந்திருந்தன. அதில் ஒரு தவறும் நடக்கவில்லை என்பதுதான் என்னால் இன்றும் தாங்கமுடியாத விஷயம். புரோகிராம் சொன்னபடி செய்தது. பெண்கள் சொன்னபடி செய்தார்கள். சார் எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுத்தார்.

மரமாக ஏற்றியிருந்தால் இரண்டு அட்டைகளும் ஒரே நேரத்தில் கைக்குள் இருந்திருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்த்திருப்போமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை விட்டுவிடு என்ற உத்தரவை மரத்துக்கும் நாங்கள் கொடுத்திருக்கக்கூடும். வழியைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அத்தனை பேசினோம், எங்கள் கூடத்தில் திருத்தம் எங்கே எழுதப்படுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

திருத்துவது சுலபமாக இருந்தது. கோப்பை இரண்டு முறை ஓடவிட்டேன். முதல் ஓட்டத்தில் எந்த எண் கடைசியாக எங்கே வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்வது, இரண்டாம் ஓட்டத்தில் அந்தக் கடைசி அட்டையை மட்டும் எடுப்பது. மரமும் வேண்டாம், புதிய கம்ப்யூட்டரும் வேண்டாம். எழுதி முடித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. இவ்வளவு சிறியதா என்று இருந்தது.

எல்லாவற்றையும் திரும்ப அனுப்பினோம். சார் கூடவே ஒரு விளக்கமும் எழுதினார். எதையும் மறைக்கவில்லை. ஆதாரம் எழுதும் முறையைக்கூட விளக்கியிருந்தார். எழுதிவிட்டு என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். "சரோஜம் பேரைப் போடல்ல" என்றார். அந்த நாட்களில் கூடத்தில் யாரும் கேலி பேசவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போதுகூட ஒன்றாகப் போகாமல், தனித்தனியாகப் படியிறங்கினார்கள். சரோஜம் அக்கா மட்டும் தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து, "பதில் வந்தா, பிள்ளே?" என்று கேட்பாள். இல்லை என்றால் போய் உட்கார்ந்து, வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும், முடித்த கோப்புகளைப் படத்தோடு மறுபடி ஒத்துப்பார்ப்பாள்.

பதில் வந்த அன்று சார் எல்லாரையும் கூடத்தின் நடுவில் உட்காரவைத்தார். அவர் நின்றுகொண்டே தமிழில் சொன்னார், பிறகு மலையாளத்திலும் சொன்னார். இரண்டாவதாக அனுப்பியதில் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், விளக்கம் நேர்மையாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள், வேலையைத் தொடர விரும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

"பிழை இல்லன்னா பெறவென்ன, சாறே?" என்று கேட்டாள் சரோஜம் அக்கா.

"முதல்ல அனுப்பினதையும் பிழை இல்லன்னு சொல்லித்தானே அனுப்பினோம்."

"அது திருத்தியாச்சே."

"இனி வேற என்ன இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது, சரோஜம். நமக்கும் தெரியாது."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "அப்ப தப்பு ஆருக்கு, சாறே?"

சார் வழக்கம்போலப் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். அவள் பேசி முடித்துவிட்டாள். அவர் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. யாரோ அழத் தொடங்கினார்கள், அம்பூரிக்காரி ஒருத்தி என்று நினைவு. றோஸ்லெட் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எழும்பு மக்கா, பஸ்ஸு போவும்" என்றாள். அந்த மாத முடிவில் யூனிட் அடைக்கப்பட்டது. கூடத்தையும் உர டிப்போக்காரர் எடுத்துக்கொண்டார். சார் அதன்பின் எந்த வேலைக்கும் போகவில்லை. தன் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல முறை நினைத்தேன். போனால் இருவரும் என்ன பேசுவோம் என்று தெரிந்ததால் போகவில்லை.

சில மாதங்கள் கழித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நீங்கள் சந்தித்த கடினமான பிரச்சினை எது என்று கேட்டார்கள். எனக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அடைத்த அட்டை, கடைசியில் எழுதிய திருத்தம், இரண்டாவதாக வந்ததை விட்டுவிட்ட புரோகிராம், யூனிட் அடைக்கப்பட்டது எல்லாவற்றையும் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்றார் ஒருவர். நான் என்னவோ சொன்னேன். இந்த மாதிரி அனுபவம் புத்தகத்தில் கிடைக்காது என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வேலை கிடைத்தது. சென்ற மாதம் நான் ஓய்வு பெற்றது அந்த வேலையிலிருந்துதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம், பாறசாலை பஸ் நிறுத்தத்தில் சரோஜம் அக்காவைப் பார்த்தேன். அவளாகத்தான் கூப்பிட்டாள். கையில் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது. எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"அண்டியாபீஸில. தல்லுகதுக்குப் போறேன்."

முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையைத்தான் அங்கே அண்டியாபீஸ் என்பார்கள். தல்லுவது என்றால் வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பை எடுப்பது. கொட்டையின் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அவள் விரல்களின் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, நகத்தின் ஓரம்வரை வெடித்திருந்தன. தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள்.

"ஆதாரக் கடையில திரும்பப் போகலையா, அக்கா?"

"எனக்க இடத்தில வேற ஆளை வச்சாச்சு. பாவம், அவிய என்ன செய்வாவ." பிறகு, "மார்த்தாண்டத்தில ஒரு கம்ப்யூட்டர் கடையில ஆள் எடுத்தாவ. போனேன். முன்ன இருந்த இடம் ஏன் அடச்சதுன்னு கேட்டாவ" என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்ம பேச்சில உள்ளதைச் சொன்னேன். அட்டை அடச்சது, திருத்தம் கடைசியில போட்டது, பெறவு அந்த புரோகிராம் அதை விட்டிட்டுப் போனது. ஒண்ணும் விடல்ல. கேட்டவ சிரிச்சா. ஆளனுப்புகேன்னு சொன்னா. ஆரும் வரல்ல." அவள் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். "நீ எங்க, பிள்ளே?"

சொன்னேன்.

"நல்லா இரி. ஒனக்க கிட்டயும் கேட்டிருப்பாவளே, அங்க ஏன் அடச்சதுன்னு?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதையேதான், அக்கா. ஒண்ணும் விடாம."

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறு கைக்கு மாற்றினாள்.

"இங்கிலீசிலயா?"

"ஆமா."

"அதாக்கும்" என்றாள் சரோஜம் அக்கா.